வில்லும் துவக்கும் கன்னி வாழையும்

ஒரே சாமானை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முதல் மாதம் அந்தச் சாமான் கண்ணில் படாது. அடுத்த மாதம் அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அதற்கடுத்த மாதம் ஒன்று, வேலையை விட்டுவிடுவோம், அல்லது அந்தச் சாமானில் காதல் கொண்டுவிடுவோம். எனக்கு வேலையை விடும் வசதி இருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் எனக்குக் காவலாளி வேலை. (ஊருக்குப் போன கடிதங்களில் 'மியூசியத்தில் இருக்கிறேன்' என்று மட்டும் எழுதினேன். என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது நினைத்திருந்தால் அது என் பிழையில்லை.) என்னை நிறுத்தியது ஆயுத அறையில். வெடிச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவனைத் தேடிப் பிடித்துத் துவக்குகளுக்குக் காவல் போட்ட அந்த மேலாளரை இன்றும் மெச்சுகிறேன்.

அறையின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள் என் காதலி. (மனைவி இதை வாசிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.) நானூறு வருசத்துக்கு முந்திய ஜேர்மன் வேலைப்பாடு. மரக்கட்டையின் முனையில் குறுக்காக ஓர் உருக்கு வில். அதே கட்டையில் வில்லுக்குக் கீழே ஒரு துவக்குக் குழல். வில்லும் அதுவே, துவக்கும் அதுவே! பக்கத்தில் ஒரு பல்லுச் சக்கரம். சிகரெட் லைட்டரில் இருக்கிறதே, அதைப்போல அது சுழன்று கல்லில் உரச, தீப்பொறி பறந்து வெடிமருந்து பற்றும். கட்டை முழுக்க மான்கொம்பைச் சீவிப் பதித்து, அதில் நாய்கள் மானைத் துரத்தும் சித்திரம் வேறு.

ஏன் இப்படி ஒன்றைச் செய்தார்கள் என்று நின்ற நிலையில் யோசித்து யோசித்து நானே கண்டுபிடித்தேன். துவக்கு அப்போது புதுச் சாமான். மழை பட்டால் மருந்து நனைந்துபோகும். ஒருதரம் சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடிப்பதற்குள் மான் பக்கத்து ஊருக்குப் போய்விடும். வில் சத்தம் போடாது, சொன்னபடி கேட்கும். ஆனால் பழைய மவுசு இல்லை. பிரபுக்களுக்கு இரண்டையும் விட மனமில்லை. குளிருக்கு ஜக்கெட் வாங்கிப் போட்டும் நம்பிக்கை வராமல், அதற்கு மேல் சால்வையும் சுற்றிக்கொண்டு ஹரோ ஸ்டேஷனில் நிற்கும் எங்கள் ஆட்களைப் போலத்தான். எனக்கு அந்தப் பிரபுக்களை உடனே பிடித்துப்போயிற்று.

வேலை முடிந்து வந்ததும் ஓவர்கோட்டைக் கழற்றாமலே மனைவி சுகந்திக்கு விளக்கம் தொடங்கிவிடும்.

"இஞ்சை பாரும், அந்தச் சக்கரத்துக்கு ஒரு சாவி இருக்கு. மணிக்கூட்டுக்குக் குடுக்கிற மாதிரி முறுக்கி விடவேணும்!"

"கண்டறியாத சக்கரம். சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

சுகந்தி என்னைக் கலியாணம் செய்து லண்டனுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. ஹரோவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில், கிழமை நாட்களில் நான் வரும்வரை அவளோடு கதைக்க ஒரு குருவிகூட இல்லை. அவள் சிரித்து நான் கண்டது சனிக்கிழமைகளில் மட்டும். அன்றுதான் தமிழ்ப் பள்ளி. சின்ன வகுப்புக்கு அவள் ரீச்சர். வெள்ளி பின்னேரமே சீலையை அயர்ன் பண்ணிக் கதிரையில் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்தச் சனிக்கிழமை இல்லாவிட்டால் அவள் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளி நடந்தது வாடகை மண்டபம் ஒன்றில். அது எங்களுக்கு மூன்றாவது மண்டபம். முதலாவதில் புதிதாகப் போட்ட தரையில் தேங்காய் உடைத்தோம், மண்டபம் போயிற்று. இரண்டாவதில் பொங்கல் பால் பொங்கி மேடைத் திரையை நனைத்தது. (நல்ல சகுனம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.) மூன்றாவது மண்டபத்துக்குப் பொறுப்பு மிசிஸ் ஹார்ப்பர் என்ற அறுபதை நெருங்கிய வெள்ளைக்கார மனுசி. ஒல்லி, நரைத்த குட்டை மயிர், இடுப்பில் சாவிக் கொத்து. நாங்கள் நிற்கும் நேரமெல்லாம் தேநீர் மேசைக்குப் பின்னால் நின்று எங்களைக் கண்காணிப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "கத்தி, வாள், வில், துவக்கு எதுவும் உள்ளே வரக்கூடாது. போன வருடம் ஒரு நாடகக் குழு என் விளக்கை அம்பால் அடித்து உடைத்தது. ஒரு பிழை நடந்தால் அடுத்த சனிக்கிழமை கதவு திறக்காது."

இந்த நிலைமையில் விசயதசமி வந்தது. அந்த வருசம் சனிக்கிழமையிலேயே வந்தது. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கலாம், சரஸ்வதி பூசை செய்யலாம், சிக்கல் இல்லை. ஆனால் பள்ளித் தலைவர் சிவஞானம் மாஸ்டருக்கு மானம்பூவும் வேண்டும். ஊர்க் கோயிலில் செய்கிறார்களே, அசுரன் வாழைக்குள் ஒளிந்திருப்பதாக வைத்து ஐயர் கன்னி வாழையை வாளால் வெட்டுவது, அதேதான். அதற்காகவே அவர் ஒரு வாழைக் கன்றைப் பூச்சாடியில் வைத்து, தன் வீட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் பிள்ளைபோல வளர்த்து ஆளுயரம் ஆக்கியிருந்தார். வாழை தயார், அசுரன் தயார், வெட்ட வாள் மட்டும் கூடாது.

செயற்குழுக் கூட்டத்தில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் எழுந்தேன். அந்த நிமிசத்தை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

"மாஸ்டர், வாளும் இல்லாத, வில்லும் இல்லாத, துவக்கும் இல்லாத ஒரு ஆயுதம் இருக்கு."

"அப்ப என்ன, பூச்சட்டியாலை அடிக்கிறதோ?" என்றார் மாஸ்டர்.

நான் விளக்கினேன். கையை வீசி விளக்கினேன். வில் என்றால் அதில் துவக்குக் குழல் இருக்காது. துவக்கு என்றால் அதில் நாண் இருக்காது. இதில் இரண்டும் இருப்பதால் இது இரண்டும் இல்லை. மண்டபத்தின் சட்டம் இதைத் தொடாது. மாஸ்டர் ஊரில் அளவையியல் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்தபின் அவருடைய அளவையியலுக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. மனுசனின் கண் பளபளத்தது.

"வடிவான நியாயம் தம்பி! இது நாலாவது வகை!"

ஐயரும் சம்மதித்தார். "அம்பாளின்ரை கையிலை வாள் மட்டுமே இருக்கு? வில்லும் அம்பும் இருக்குத்தானே. இந்தியாவிலை கன இடத்திலை அம்புதான் போடுறவை."

சுகந்தி மட்டும் பின்வரிசையில் இருந்து என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. வரும் வழியில் கேட்டாள்: "இந்த மண்டபமும் போனால் நான் எங்கை போறது?" "போகாதப்பா, நான் பொறுப்பு" என்றேன். மாஸ்டருக்கும் அதையே சொல்லியிருந்தேன். அந்த வயதில் பொறுப்பு என்ற சொல்லைச் சில்லறைபோல எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த நாளே வீட்டுக்காரரின் பின்வளவுக் கொட்டிலில் வேலை தொடங்கியது. உடைந்த சாப்பாட்டு மேசையின் கால்தான் கட்டை. வில்லுக்குக் குடைக் கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினேன். அம்பின் முனைக்கு, பப்புகளில் பலகையில் எறிந்து விளையாடுவார்களே, அந்த ஊசி ஒன்று. துவக்குக் குழலுக்கு மட்டும் பல நாள் அலைந்தேன். கடைசியில் சுகந்தியின் வக்கியூம் கிளீனரின் குழாய் பொருத்தமாக வந்தது. (அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டாள்; அதனால்தான் கேட்கவில்லை.) குழலுக்குள் மருந்தெல்லாம் ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்குக்குப் போடும் சிவப்புக் காகித வெடிதான். மானம்பூவுக்கு ஊரில் வெடி கொளுத்துவார்கள். ஒரு சின்னச் சத்தமாவது வேண்டாமா? காகித வெடியை யார் துவக்கு என்று சொல்லப் போகிறான்?

அசலில் வில்லை விடுவது எது, துவக்கை வெடிக்க வைப்பது எது என்று கண்ணாடிக்கு வெளியே நின்று என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஆகவே ஜேர்மன்காரரை நான் திருத்தினேன். ஒரே விசை. இழுத்தால் முதலில் அம்பு போகும், பிறகு வெடி கேட்கும். நாலு நூற்றாண்டாக ஒருவருக்கும் தோன்றாத திருத்தம் எனக்கு ஒரு பின்னேரத்தில் தோன்றியதை நினைத்து நித்திரையே வரவில்லை.

ஒத்திகைக்கு லண்டனில் வாழைக்கு எங்கே போவது? லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தாள் வாங்கினேன். குத்தென நிறுத்தி வைத்தால் சின்னக் கன்னி வாழை மாதிரியே இருக்கும். கொட்டிலுக்குள் லீக்ஸ் அசுரர்களை வரிசையாக நிறுத்தி அம்பால் கொன்றேன். அத்தனையும் நடுத்தண்டில் பட்டது! ஆனால் வெடியை ஒத்திகை பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குப் போன் பண்ணிவிடுவார் என்ற பயம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் லீக்ஸ் வறை, லீக்ஸ் சொதி, லீக்ஸ் பருப்பு.

"எத்தினை அசுரர் இன்னும் மிச்சம் இருக்கினம்?" என்று கேட்டாள் சுகந்தி, தட்டைத் தள்ளிவிட்டு.

விசயதசமி வந்தது. மண்டபம் நிறைந்த சனம். பட்டுச் சீலை, வேட்டி, பிரித்தானியக் குளிருக்கு உள்ளே தேர்மல். மேடையில் அம்பாள் படம், முன்னால் பூச்சாடியில் கன்னி வாழை, அதற்கு மாஸ்டர் தன் கையால் கட்டிய சிவப்புப் பட்டு. மாஸ்டர் அதைப் பார்த்த பார்வையில் மகளைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனின் கலக்கம் தெரிந்தது. மிசிஸ் ஹார்ப்பர் வழமைபோலப் பின்னால் தேநீர் மேசைக்கு அருகில். சுகந்தி தன் சின்ன வகுப்பை அந்தப் பக்கமே இருத்தியிருந்தாள், என்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க ஏலுமோ அவ்வளவு தூரத்தில்.

நான் பட்டுத்துணிக்குள் இருந்து ஆயுதத்தை எடுத்தபோது சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது வியப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். மேசைக் காலுக்கு நான் பூசிய வார்னிஷ் மின்னியது. மான்கொம்புக்குப் பதிலாக முட்டைக்கோது ஒட்டியிருந்தேன். ஐயர் அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூப்போட்டார். நானூறு வருசத்தில் இந்த வகை ஆயுதம் ஒன்றுக்குப் பொட்டு வைத்தது உலகத்திலேயே இதுதான் முதல்தரமாக இருக்கவேண்டும்!

கடைசி நேரத்தில் ஒரு யோசனை வந்தது. இவ்வளவு சனத்தின் கதைக்குள் ஒற்றைக் காகித வெடி கேட்குமா? கேட்காது. ஆகவே ஒரு சுருளையே குழாய்க்குள் திணித்தேன். பிறகு இன்னொரு சுருளையும்.

மேளக்காரர் கெட்டிமேளம் தொடங்க, ஐயர் அசுரனைக் குறிபார்த்து விசையை இழுத்தார்.

முதலில் போகவேண்டிய அம்பு போகவில்லை. பிறகு கேட்கவேண்டிய வெடி முதலில் கேட்டது. வக்கியூம் கிளீனர் குழாய் ஒரு சத்தத்தை எவ்வளவு பெரிதாக்கும் என்று அதைச் செய்த கொம்பனிக்கே தெரிந்திருக்காது. அது காகித வெடியின் சத்தமே இல்லை. எங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு சத்தம்.

நான் கண்ணைத் திறந்தபோது என் கன்னம் நிலத்தில் கிடந்தது. இரண்டு கையும் தலைக்கு மேல். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. வெடியைச் செய்தவன் நான், திணித்தவன் நான், வரப்போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். முதலில் விழுந்ததும் நான்தானாம், பிறகு எல்லோரும் சத்தியம் செய்து சொன்னார்கள்.

மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மண்டபம் முழுக்கப் படுத்திருந்தது. பட்டுச் சீலைகள் படுத்திருந்தன. மேளக்காரர் மேளத்தைக் கட்டிப்பிடித்தபடி. மாஸ்டர் வாழைக்கு முன்னால் குறுக்காகக் கிடந்தபடி, அதைக் காப்பாற்ற. ஐயர் குடுமி அவிழ்ந்து கிடந்தார்; அவர் விழுந்த வேகத்தில் அம்பு புறப்பட்டுப்போய் மேலே கூரைத் தட்டியில் குத்தி ஆடிக்கொண்டிருந்தது. ஒருவரும் கத்தவில்லை. பழக்கப்பட்ட ஆட்கள் கத்தமாட்டார்கள், அடுத்ததற்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடப்பார்கள்.

நின்றது இரண்டு தரப்பு மட்டும். ஒன்று, ஒரு கீறலும் படாத கன்னி வாழை. மற்றது, லண்டனில் பிறந்த பிள்ளைகள். அவர்கள் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெட்டை கேட்டாள்: "மிஸ், இதுவும் பூசையோ?" பூசைதான் என்று முடிவு செய்து, அவளும் சட்டையை ஒழுங்காக மடித்துக்கொண்டு நிலத்தில் படுத்தாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. கூத்தாடிக் கொண்டாட வந்த சனத்தை நிலத்தில் கிடத்திவிட்டேனே என்ற வெட்கம். இந்தச் சத்தம் இந்தச் சனத்துக்கு என்ன என்பது மேசைக்காலைச் சீவிய சந்தோசத்தில் எனக்கு ஒருதரம்கூட மனதில் வரவில்லை. மண்டபம் போயிற்று, சுகந்தியின் சனிக்கிழமை போயிற்று, என்னைச் சுடுகிற துவக்கு மட்டும்தான் இன்னும் கண்டுபிடிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து தேநீர் மேசைப் பக்கம் போனேன்.

மிசிஸ் ஹார்ப்பரைக் காணவில்லை. பொலிசுக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். மேசை விரிப்பைத் தூக்கினேன். உள்ளே சுகந்தி இருந்தாள், இரண்டு பிள்ளைகளை மடியில் இறுக்கிக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில், முழங்காலை மடக்கிக்கொண்டு, தேத்தண்ணிக் கேத்திலின் மூடியைக் கையில் பிடித்தபடி மிசிஸ் ஹார்ப்பர். இருவரும் மற்றக் கையால் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

மனுசி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, யுத்தத்தில் குண்டுச் சத்தம் கேட்டால் அம்மா என்னைச் சமையலறை மேசைக்குக் கீழே தள்ளிவிடுவார். இதே லண்டனில்தான்." பிறகு மண்டபத்தை எட்டிப் பார்த்தார். படுத்திருந்த அவ்வளவு பேரையும் பார்த்தார். "எல்லோருக்குமா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்" என்றாள் சுகந்தி.

அப்போதுதான் அவள் சிரிக்கத் தொடங்கினாள். என்னைப் பார்த்துத்தான். கன்னத்தில் நிலத்துத் தூசியோடு, நாலு காலில், என் வீட்டு வக்கியூம் கிளீனருக்குப் பயந்து நின்ற என்னைப் பார்த்து. "தன்ரை வெடிக்குத் தானே விழுந்திட்டார்!" என்று கத்தினாள். படுத்திருந்த சனத்துக்கு அது கேட்டது. முதலில் மேளக்காரர் சிரித்தார், பிறகு ஐயர், பிறகு அந்த மண்டபமே கண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படுத்தபடியே சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் லண்டனில் அதற்கு முன் கேட்டதில்லை.

மிசிஸ் ஹார்ப்பர் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். தண்டனைபோல மூன்று கரண்டி சீனி போட்டு. பிறகு குசினிக்குள் போய்ப் பாண் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து ஐயரின் கையில் கொடுத்தார். "இது சமையலறைப் பாத்திரம். ஆயுதம் இல்லை. உங்கள் மரத்தை வெட்டுங்கள். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வழமைபோல வாருங்கள். அந்த இழவு மட்டும் வரக்கூடாது." மாஸ்டர் பரவசத்தோடு "ஐஞ்சாவது வகை!" என்றார். ஐயர் அசுரனைப் பாண்போல அறுத்து அறுத்து முடிக்க வெகுநேரம் பிடித்தது. வாழை விழுந்தபோது மாஸ்டர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மிசிஸ் ஹார்ப்பர் எங்கள் வீட்டு மனுசி ஆகிவிட்டார். சுகந்தியிடம் சொதி வைக்கப் பழகினார். எங்களுக்கு மகள் பிறந்தபோது எங்களுக்கு முன்னமே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்.

அந்த மகளின் ஏழாவது பிறந்தநாள். தொண்ணூறுகளின் கடைசி. வீடு முழுக்க அவளுடைய வகுப்புப் பிள்ளைகள். கேக்கை வெட்டப் போகும் நேரம் யாரோ ஒரு பெரிய பலூனை ஊசியால் குத்திவிட்டான். அடுத்த கணம் நான் மேசைக்குக் கீழே இருந்தேன். பக்கத்தில் சுகந்தி இருந்தாள். அடுத்த பக்கத்தில், எழுபதை நெருங்கும் வயதில் எப்படி அவ்வளவு வேகமாக வந்தாரோ தெரியாது, மிசிஸ் ஹார்ப்பர். வெளியே மகளின் கால்கள் தெரிந்தன. விரிப்பைத் தூக்கி எட்டிப் பார்த்து, சிநேகிதிகளுக்கு முன்னால் மானம் போன குரலில், "அப்பா, இட்ஸ் ஒன்லி எ பலூன்" என்றாள்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மிசிஸ் ஹார்ப்பர் மூச்சை வாங்கிக்கொண்டு என்னிடம் மெல்லக் கேட்டார்:

"இதுவும் உங்கள் வேலையா?"

இப்போது எங்கள் வீட்டில் கதவு அடித்தாலும், குக்கர் விசில் அடித்தாலும், இடி இடித்தாலும் எல்லோரும் என் பக்கம் திரும்பி அதைத்தான் கேட்கிறார்கள். மகளின் புருசன் வெள்ளைக்காரப் பொடியன், தமிழ் ஒரு சொல் தெரியாது. கலியாண வீட்டில் மேளம் முழங்கியதும் அவன் என் தோளில் கை வைத்து, எழுத்துக்கூட்டிப் பழகியதைச் சொன்னான்: "மாமா, இதுவும் உங்கடை வேலையோ?"